முட்டி வலின்னுதான் நினைச்சோம்!

எங்கேயோ வந்த புற்றுநோய் கால் எலும்புக்கு வந்துவிட்டால்... ஆபரேஷன் எதற்கு? எப்போது?

ஜவ்வாது மலைக்குப் போயிருக்கிறீர்களா? போளூரிலிருந்து ஏறினாலும் சரி, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஏறினாலும் சரி, பஸ் வளைந்து நெளிந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் போகும். காவலூரில் 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய டெலஸ்கோப், பீமன் நீர்வீழ்ச்சி, ஜமுனாமரத்தூரில் தேன், சாமை அரிசி, புளி என்று வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்கிவிடுவீர்கள். டூர் போகிறவர்களுக்கு அவ்வளவுதான் மலை.

அங்கேயே குடியிருப்பவர்களுக்கோ மலை என்றால் கால்! தண்ணீருக்கு ஒரு இறக்கம், கடைக்கு ஒரு ஏற்றம், கொல்லைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. சில குக்கிராமங்களுக்கு ரோடே சரியாகக் கிடையாது. கால் ஓடுகிற வரை வாழ்க்கை ஓடும். அதனால்தான் இந்தக் கட்டுரையை அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஜமுனாமரத்தூரில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிஜ ஆள் இல்லை. ஆனால் அவருக்கு நடக்கப் போவதெல்லாம் நிஜமாகவே பல வீடுகளில் நடப்பதுதான். உங்கள் வீடு மயிலாப்பூரிலோ மதுரையிலோ இருந்தாலும் கதை ஒன்றேதான்.

டீச்சரம்மாவுக்கு வயது 64. ஒன்பது வருஷத்துக்கு முன்பு இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், மருந்து, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, ஐந்து வருஷம் தவறாமல் மாத்திரையும் சாப்பிட்டார். 'எல்லாம் சரியாப் போச்சு' என்று செக்கப் போவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். இந்தப் பொங்கல் கழிந்ததிலிருந்து வலது முட்டியில் ஒரு வலி. பஸ் படியில் வலது காலை ஊன்றினால் சுரீர் என்கிறது. பகலாவது பரவாயில்லை, ராத்திரி படுத்தால் உள்ளுக்குள்ளே குடைகிறது.

"வயசானா முட்டி தேயத்தானே செய்யும், டீச்சர்! தைலம் போட்டு நல்லா உருவி விடட்டுமா?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வாரம் தைலம். நாலு வாரம் வலி மாத்திரை. பிறகு கீழே இறங்கி வந்து முட்டிக்கு எக்ஸ்-ரே. "வயசுக்கேத்த தேய்மானம்தாம்மா" என்று பதில். எல்லோருக்கும் நிம்மதி!

இங்கே டீச்சரம்மாவைக் கொஞ்சம் உட்கார வைத்துவிட்டு நாம் மேலே போவோம். எக்ஸ்-ரே எடுத்தவர் தப்பாகச் சொல்லவில்லை. முட்டியில் ஒன்றும் இல்லைதான். கோளாறு ஒரு முழம் மேலே, தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்துக்குக் கீழே இருக்கிறது. இடுப்புப் பக்கத்துக் கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவது எலும்பு டாக்டர்களுக்கெல்லாம் பழகிப்போன விஷயம். இரண்டுக்கும் ஒரே நரம்புகள் போகின்றன. மூளைக்கு விலாசம் குழம்பிவிடுகிறது!

சாமைக்கு ஏற்ற மண்

மார்பில் வந்த நோய் தொடைக்கு எப்படி வரும்? கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகின்றன. அப்படியென்றால் எங்கே வேண்டுமானாலும் முளைக்க வேண்டுமே! முளைப்பதில்லை. 1889-லேயே ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய சர்ஜன் இதைக் கவனித்தார். மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசிப் பார்த்துவிட்டு, 'விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும்' என்கிற கருத்தை முன்வைத்தார். மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன? சாமை எங்கே வரும், நெல் எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரியாததா!

எலும்பு அப்படி ஒரு மண். நுரையீரல், கல்லீரலுக்கு அடுத்தபடியாகப் புற்றுநோய் அதிகமாகப் பரவுகிற இடம் எலும்புதான். மார்பு, ஆண்களின் ப்ராஸ்டேட் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு - இந்த ஐந்து இடத்துப் புற்றுநோய்களுக்கும் எலும்பு மேல் தனி ஆசை. அதிலும் ரத்தம் ஊறுகிற சிவப்பு மஜ்ஜை இருக்கும் இடங்களாகப் பார்த்து உட்காரும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா. கை கால்களில் என்றால் தொடை எலும்பின் மேல் பாகம், மேற்கை எலும்பின் மேல் பாகம். முழங்கைக்குக் கீழேயும் முட்டிக்குக் கீழேயும் வருவது அபூர்வம்.

வந்து உட்கார்ந்த புற்றுச் செல் எலும்பைத் தானே கடித்துத் தின்னும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. நம் எலும்பு ஓயாமல் இடிக்கப்பட்டு, ஓயாமல் கட்டப்படுகிற கட்டடம். இடிப்பதற்கு ஒரு வகைச் செல், கட்டுவதற்கு இன்னொரு வகை. புற்றுச் செல் ரசாயனத் தூது அனுப்பி, இடிக்கிற ஆட்களை உசுப்பி விடுகிறது. இடிபடும் எலும்பிலிருந்து வெளியே வரும் சத்துகள் புற்றுக்கே தீனியாகின்றன. தீனி கிடைத்ததும் இன்னும் அதிகத் தூது! ப்ராஸ்டேட் புற்றில் மட்டும் பெரும்பாலும் நேர்மாறு. கட்டுகிற ஆட்கள் தாறுமாறாகக் கட்டிக் குவிப்பார்கள். எக்ஸ்-ரேயில் வெள்ளை வெளேரென்று தெரியும். அந்த எலும்பு கெட்டி என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஒழுங்கில்லாமல் அடுக்கிய செங்கல் அது.

எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்?

எல்லா முட்டி வலிக்கும் அல்ல! இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள பெரியவர்களையெல்லாம் ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நூற்றில் பெரும்பாலோருக்குத் தேய்மானம்தான்.

ஆனால் முன்பு எப்போதாவது புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர் என்றால் கணக்கு வேறு. ஐந்து வருஷம் ஆகட்டும், பத்து வருஷம் ஆகட்டும். மார்புப் புற்று பத்து வருஷம் கழித்தும் எலும்பில் தலைகாட்டுவது உண்டு. தேய்மான வலி பொதுவாக ஓய்வெடுத்தால் அடங்கும். ராத்திரியில் படுத்த பிறகும் குடைகிற வலி, வாரத்துக்கு வாரம் ஏறுகிற வலி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலை ஊன்றும்போது சுரீரென்று வருகிற வலி - இந்த மூன்றும் வேறு ஜாதி. ஊன்றும்போது வலித்தால் 'என்னால் இனி பாரம் தாங்க முடியாது' என்று எலும்பே சொல்வதாகத்தான் டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக 'எனக்கு இன்ன வருஷம் இன்ன கேன்சர் வந்தது' என்று சொல்லிவிடுங்கள். நம்மில் பலர் இதைத்தான் மறைக்கிறோம். சம்பந்தியம்மா பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக டாக்டரிடம் மறைத்தால் எப்படி? இரண்டாவதாக, இடுப்பிலிருந்து முட்டி வரை முழுத் தொடை எலும்புக்கும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எக்ஸ்-ரேயிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு இடத்தில் எலும்புச் சத்து மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கரைந்த பிறகுதான் படத்தில் தெளிவாகத் தெரியும். அதனால் எக்ஸ்-ரே நார்மல் என்றாலும் வலி விடவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அல்லது எலும்பு ஸ்கேன் தேவைப்படலாம்.

டீச்சருக்கே மார்க்!

சரி, நம் டீச்சரம்மாவுக்கு இந்த முறை முழு எக்ஸ்-ரே எடுத்தாயிற்று. தொடை எலும்பின் மேல் பாகத்தில் கரையான் அரித்தது போல ஒரு பள்ளம். எலும்பு இன்னும் ஒடியவில்லை. ஒடியுமா, ஒடியாதா? எப்படிச் சொல்வது?

1989-ல் ஹில்டன் மிரெல்ஸ் என்ற டாக்டர் இதற்கு ஒரு மார்க் முறையே கண்டுபிடித்தார். புற்று பரவி, முன்கூட்டி ஆபரேஷன் செய்யாமல் ரேடியேஷன் மட்டும் கொடுத்த 78 எலும்பு இடங்களை அவர் ஆராய்ந்தார். 27 இடங்கள் ஆறு மாதத்துக்குள் ஒடிந்திருந்தன. 51 ஒடியவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்து நாலு கேள்விகள் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மார்க்.

எந்த இடம்? கை என்றால் 1, கால் என்றால் 2, தொடை எலும்பின் மேல் வளைவு என்றால் 3. வலி எப்படி? லேசு 1, நடுத்தரம் 2, ஊன்றினால், அசைத்தால் வலி என்றால் 3. எலும்பு என்ன ஆகியிருக்கிறது? வெள்ளையாகக் குவிந்திருந்தால் 1, கலவை 2, கரைந்திருந்தால் 3. எலும்பின் குறுக்களவில் எவ்வளவு போயிற்று? மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை 2, அதற்கு மேல் 3.

டீச்சரம்மாவுக்குக் கூட்டிப் பாருங்கள். மேல் வளைவு 3, ஊன்றினால் வலி 3, கரைந்தது 3, அகலத்தில் பாதி போயிருக்கிறது 2. மொத்தம் 12-க்கு 11! வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவர், இவ்வளவு மார்க் வாங்கியதற்காக முதல் தடவை கவலைப்படுகிறார்.

7-ம் அதற்குக் கீழும் என்றால் ஆபரேஷன் இல்லாமல் ரேடியேஷன் கொடுத்துக் கவனித்து வரலாம். 8 என்றால் டாக்டர்தான் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 9-ம் அதற்கு மேலும் என்றால் ஒடிவதற்கு முன்பே ஆபரேஷன். இந்த மார்க் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, சில சமயம் தேவைக்கு மேல் பயமுறுத்தும் என்ற விமர்சனமும் உண்டு. சி.டி. ஸ்கேனை வைத்து எலும்பின் பலத்தைக் கணக்கிடும் முறைகளும் வந்துவிட்டன. ஆனாலும் பேசத் தொடங்குவதற்கு இன்றைக்கும் இதுதான்.

மூங்கிலுக்குள் கம்பி

அது என்ன ஆபரேஷன்? தொடை எலும்பு மூங்கில் மாதிரி. உள்ளே குழல். அந்தக் குழலுக்குள் நீளமான ஒரு உலோக ராடைச் செலுத்தி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுவார்கள். இனி உடம்பின் பாரத்தை எலும்போடு சேர்ந்து ராடும் சுமக்கும். இடுப்புப் பக்கத்தில் சின்னக் கீறல், திரையில் எக்ஸ்-ரே ஓடிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே இறக்குவார்கள்.

இந்த ராடுக்கு ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. 1939-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் குண்ட்ஷர் என்ற சர்ஜன் இதைப் போட ஆரம்பித்தார். யுத்தம் வந்துவிட்டது. வெளிநாடுகளுக்கு விஷயமே தெரியாது. ஜெர்மனியில் கைதியாக இருந்த எதிர்த்தரப்பு வீரர்கள் ஊர் திரும்பியபோது, அவர்கள் தொடை எக்ஸ்-ரேயில் நீளமாக ஒரு கம்பி! அந்த ஊர் டாக்டர்கள் அசந்துபோனார்களாம். எதிரிக்கும் ஒழுங்காக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

சாதாரண முறிவுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் உண்டு. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஒடிந்த எலும்பு சில மாதங்களில் தானே சேர்ந்துவிடும். ராடு அதுவரைக்கும் முட்டுக்கொடுத்தால் போதும். புற்று அரித்த எலும்பு சேரும் என்று நம்பி உட்கார முடியாது. மார்புப் புற்றில் சிலருக்குச் சேரும். நுரையீரல் புற்றில் பெரும்பாலும் சேர்வதே இல்லை. அதனால் 'எலும்பு சேரவே சேராது' என்று வைத்துக்கொண்டுதான் சர்ஜன் திட்டம் போடுவார். அந்த ராடு ஆயுளுக்கும் தாங்க வேண்டும். பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் ஒரு ப்ளேட் வைத்துவிட்டு வந்தால், நாளைக்குப் புற்று நாலு அங்குலம் தள்ளி இன்னொரு இடத்தை அரிக்கும். ஆகவே இடுப்பின் கழுத்துப் பகுதியிலிருந்து முட்டி வரை முழு எலும்புக்கும் காவல்.

பள்ளம் பெரிதாக இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எலும்பு சிமென்ட் வைத்து நிரப்புவதும் உண்டு. வீடு கட்டுகிற சிமென்ட் இல்லை! பல்செட் செய்கிற அக்ரிலிக் இனத்தைச் சேர்ந்தது. மாவு போலப் பிசைந்து வைத்தால் பத்து பதினைந்து நிமிஷத்தில் கல்லாகிவிடும். இங்கிலாந்தில் சார்ன்லி என்ற சர்ஜன் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக 1950-களின் கடைசியில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்.

இடுப்பு மூட்டின் பந்தையோ கழுத்தையோ புற்று தின்றுவிட்டால் ராடு பிடிக்காது. அந்தப் பாகத்தையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும். எலும்பின் பெரும் பகுதியே போய்விட்டால் 'மெகா ப்ராஸ்தெசிஸ்' என்கிற நீளமான உலோக எலும்பு. இதை ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கும் செய்து பொருத்துவதில் சென்னைக்கு நல்ல பெயர் உண்டு. டாக்டர் மயில்வாகனன் நடராஜன் 1980-களின் கடைசியிலிருந்தே எலும்புப் புற்று நோயாளிகளுக்குக் காலை வெட்டாமல் காப்பாற்ற இந்த முறையைக் கையாண்டு வந்தவர். 2007-ல் பத்மஸ்ரீ பெற்றார். எலும்பில் புற்று என்றாலே காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் நம் மக்களிடம் இருக்கிறது. பரவிய புற்றுக்குக் காலை எடுக்க வேண்டிய நிலை இப்போது அபூர்வம்.

கை என்றால் கொஞ்சம் தளர்வு உண்டு. நாம் கையை ஊன்றி நடப்பதில்லையே. பட்டை போட்டு, ரேடியேஷன் கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் கால் பலவீனமாகி வாக்கர் பிடித்து நடப்பவருக்குக் கையும் கால்தான். அவருக்குக் கை எலும்பிலும் ராடு போடத் தயங்கக் கூடாது.

"தீராத நோய்க்கு ஆபரேஷன் எதுக்குங்க?"

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா ஒருவர், "எப்படியும் கேன்சர் பரவியாச்சு. இந்த வயசுல எதுக்கு இன்னும் கத்தி? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று மகனைத் தனியே அழைத்துச் சொல்வார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இது தப்பான கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஆபரேஷன் புற்றைக் குணப்படுத்தாது. மறைக்க வேண்டியதில்லை. இது நடப்பதற்கான ஆபரேஷன். பாத்ரூமுக்குத் தானே எழுந்து போவதற்கான ஆபரேஷன். மார்புப் புற்று எலும்புக்கு மட்டும் பரவியவர்கள் இன்றைய மருந்துகளால் பல வருஷங்கள் இருக்கிறார்கள். அந்த வருஷங்களைப் படுக்கையிலா கழிப்பது?

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டுமே. குடத்தைத் தூக்கித் திரும்பும்போது 'டப்' என்று தொடை ஒடியும். விழுந்ததால் ஒடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் ஒடிந்ததால்தான் விழுந்தார்! அப்புறம் செய்கிற ஆபரேஷனில் ரத்தச் சேதம் அதிகம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் அதிகம், பழையபடி நடப்பவர்கள் குறைவு. படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக் கட்டி. ஒடிவதற்கு முன்பே ராடு போட்டால் பெரும்பாலோரை மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள்.

ரிஸ்க் இல்லையா? உண்டு. ராடு இறக்கும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். ரத்தக் கட்டி, சீழ் பிடித்தல், ரத்தப்போக்கு எல்லாம் சாத்தியம். சிறுநீரகம், தைராய்டிலிருந்து பரவிய கட்டிகளுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். கத்தி பட்டால் கொட்டும். அதனால் முதல் நாளே ரத்தக் குழாய் வழியாகப் போய் அந்தக் கட்டிக்கு வரும் ரத்தத்தை அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்வார்கள். சில வாரங்களே மிச்சம் என்ற நிலையில், மிகவும் தளர்ந்துபோனவருக்கு, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லக்கூடும். அது கைவிடுவது ஆகாது. பட்டை, ரேடியேஷன், மார்ஃபின் என்று வலியில்லாமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. 'மார்ஃபின் போதை மருந்தாச்சே' என்று தயங்கி நோயாளியைக் கதற விடாதீர்கள்.

இன்னொன்று. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கண் ஜாடை காட்டுவோம். டீச்சரம்மாவுக்குத் தெரியாதா என்ன? ஒன்பது வருஷத்துக்கு முன்பே எல்லாம் பார்த்தவர். அந்தக் காலில் நிற்கப் போவது அவர்தான். அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

தடவாதீர்கள், அவசரப்படவும் வேண்டாம்

வட ஆர்க்காடு பக்கம் எலும்பு ஒடிந்தால் கட்டு வைத்தியம் பழக்கமானது. புத்தூர் கட்டு என்றால் தெரியாதவர் இல்லை. புற்று அரித்த எலும்பு விஷயத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகவே கூடாது. அழுத்தித் தடவினால், இழுத்துக் கட்டினால், ஒடியாத எலும்பும் ஒடிந்துவிடும். மாதங்களும் வீணாகும்.

அதே போல, கெட்ட செய்தி தெரிந்த பதற்றத்தில் 'நாளைக்கே ராடு போடுங்க' என்று நிற்பதிலும் ஆபத்து உண்டு. எலும்பில் ஒரே ஒரு இடத்தில் கட்டி. முன்பு கேன்சரே வந்ததில்லை, அல்லது வந்து வெகு காலம் ஆகிவிட்டது. அது எலும்பிலேயே பிறந்த வேறு புற்றாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ராடை இறக்கினால் புற்றை எலும்பு முழுக்க இறைத்துவிட்டது போல் ஆகும். காப்பாற்றியிருக்கக்கூடிய கால் போய்விடும். அதனால் ஊசி வழியாகத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸிக்கு ஒரு வாரம் காத்திருப்பதில் நஷ்டமே இல்லை. அதுவரை ஊன்றுகோலோடு, பாரம் கொடுக்காமல் இருந்தால் போதும்.

ராடு போட்ட பிறகு

ராடு எலும்பைத் தாங்கும். புற்றைத் தடுக்காது. காயம் ஆறியதும், சுமாராக இரண்டு வாரத்தில், அந்த எலும்புக்கு ரேடியேஷன் உண்டு. 'கம்பிதான் போட்டாச்சே' என்று பலர் இதற்கு வராமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் புற்று வளர்ந்து, ராடு ஆடத் தொடங்கிய பிறகு திரும்பி வருவார்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு நடைதான் பிரச்சினை என்பது புரிகிறது. அதற்கும் வழி கேட்கலாம். ஆபரேஷன் தேவைப்படாத எலும்புகளில் வலிக்காக மட்டும் ரேடியேஷன் என்றால், பல நாள் கொடுப்பதும் ஒரே நாளில் ஒரே டோஸாகக் கொடுப்பதும் வலியைக் குறைப்பதில் கிட்டத்தட்ட சமம் என்று உலகமெங்கும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே டோஸ் வாங்கியவர்களில் கொஞ்சம் அதிகம் பேருக்குப் பிற்பாடு இன்னொரு முறை தேவைப்படும். அவ்வளவுதான். ஆனால் ராடு போட்ட எலும்புக்குப் பொதுவாகச் சில நாட்கள் வந்துதான் ஆக வேண்டும்.

எலும்பை இடிக்கிற ஆட்களை அடக்க ஊசிகள் இருக்கின்றன. ஜோலிட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் என்று பெயர்கள். போடுவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற தொல்லை சிலருக்கு வருகிறது. தொடைக்கு வைத்தியம், பல்லுக்கு ஏன் போகச் சொல்கிறார்கள் என்று முணுமுணுக்க வேண்டாம்!

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரைகிற எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறிவிடலாம். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, அப்புறம் பேச்சில் குழப்பம். 'பாட்டிக்கு வயசாச்சு, பிதற்றுது' என்று விட்டுவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம் அது.

மலையில் ஒடிந்துவிட்டால்?

எல்லாம் சொல்லியும், வீட்டிலேயே ஒடிந்துவிட்டது என்று வையுங்கள். காலை நேராக்க இழுக்காதீர்கள். கிடக்கிற நிலையிலேயே இரண்டு கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, ஒடிந்த காலை நல்ல காலோடு துணியால் சேர்த்துக் கட்டுங்கள். பலகை அல்லது கட்டில் சட்டத்தில் படுக்க வைத்துத் தூக்குங்கள். ரோடு இல்லாத ஊர்களில் டோலி கட்டித் தூக்குவார்கள். தொய்கிற துணி டோலியில் தொடை மடங்கும். அடியில் ஒரு பலகை கொடுத்தால் வித்தியாசம் பெரிது. ரோட்டுக்கு வந்ததும் 108. ஆபரேஷன் ஆகலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். பழைய கேன்சர் ஃபைலை மறக்காதீர்கள். நடு ராத்திரியில் டாக்டருக்கு அந்த ஃபைல்தான் பாதி வைத்தியம்.

எங்கே போவது? மலையின் ஒரு பக்கம் திருவண்ணாமலை, இன்னொரு பக்கம் வேலூர் அடுக்கம்பாறை என்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. வேலூரிலேயே 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கி வளர்ந்த சி.எம்.சி. இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா ஆஸ்பத்திரி, சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் ஆரம்பித்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். எங்கே போனாலும் எலும்பு டாக்டரும் கேன்சர் டாக்டரும் ஒருவரோடொருவர் பேசுகிற இடமா என்று பாருங்கள். ஒருவர் ராடு போட்டுவிட்டு, மற்றவருக்குத் தெரியாமலே இருக்கும் கூத்தும் நடக்கிறது.

பணம்? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. டீச்சரம்மா மாதிரி அரசு ஓய்வூதியர்களுக்குத் தனிக் காப்பீடு. கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, அட்மிட் ஆகும்போதே காப்பீட்டு கவுன்ட்டரில் விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் பிரயோஜனமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி நிவாரண கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

டீச்சரம்மாவை உட்கார வைத்துவிட்டு வந்தோமே! அவருக்கு ராடு போட்டாயிற்று. மறுநாள் வாக்கரோடு நின்றார், ஒரு வாரத்தில் வராந்தாவில் நடந்தார். டிஸ்சார்ஜ் அன்று பிசியோதெரபி செய்கிற பெண் மரப்படி ஒன்றைக் கொண்டு வந்து வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். "பஸ்ல ஏறும்போது நல்ல காலை முதல்ல மேல வைங்கம்மா. அப்புறம் ஆபரேஷன் பண்ண கால். இறங்கும்போது தலைகீழ். ஆபரேஷன் பண்ண கால் முதல்ல கீழ வரணும். எங்கே, ஒருதடவை சொல்லிக் காட்டுங்க பாப்போம்?"

"ஏறினா நல்ல கால், இறங்கினா ராடு கால்" என்கிறார் டீச்சரம்மா.